சூடு எந்தப் பக்கத்தால போகுது?

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, இரவு 11 மணி இருக்கும். மூத்தவனின் அறையில் இரண்டு மணித்தியாலமாக இரைந்துகொண்டிருந்த ஃபான் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, "நோ... நோ, நோ!" என்று அவன் கத்தியது குசினி வரைக்கும் கேட்டது.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா வீடியோவை இந்த முறை அவன்தான் பொறுப்பெடுத்திருந்தான். மூன்று கமராவில் எடுத்த காட்சிகள், சின்னப் பிள்ளைகளின் மயில் நடனம், பெரிய வகுப்பின் நாடகம், பிரதம விருந்தினரின் 40 நிமிடப் பேச்சு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, கடைசியில் ஒரே வீடியோவாக ஆக்கும்போது கொம்பியூற்றரின் மூளை முழு மூச்சில் வேலை செய்யவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அது மூன்றாவது தடவையாகத் தானாக அணைந்திருக்கிறது. (பேச்சைக் குறைத்திருந்தாலே பாதிச் சூடு குறைந்திருக்கும் என்பது என் கட்சி. ஆனால் பேசியவர் எங்கட பெரியப்பா. வாயை மூடிக்கொண்டேன்.)

"கட்டாயம் நூறு பாகை தாண்டியிருக்கும், அம்மா. அதுக்கு மேல போனால் தன்னைக் காப்பாத்த அது நிண்டுடும். ரஃப்ரெத்தாமென்த்தோ அ லிக்விதோ போடவேணும்."

"எண்டால்?"

"தண்ணியால குளிர வைக்கிறது."

கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரா? எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். உங்களுக்கும் அதுதான் வரும். பிள்ளை 14, 15 வயதைத் தாண்டி, கொம்பியூற்றரைத் தானே பூட்ட வெளிக்கிட்டால், ஒரு நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தக் கதை வரத்தான் போகிறது. அதனால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வருகிறவை தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி முத்திரை வைத்தவை. நீங்கள் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ப்ரொசெஸருக்கு மேலே உட்காரும் ஒரு சின்ன வட்டக் கட்டி. அதன் அடிப்பக்கம் செம்பு, அதற்குள்ளேயே ஒரு குட்டிப் பம்ப். அதிலிருந்து இரண்டு கறுப்பு றப்பர் ரியூப். மறுமுனையில் மெல்லிய தகடுகள் நெருக்கி அடுக்கிய ஒரு ரேடியேற்றர், அதில் பூட்டுவதற்கு இரண்டு மூன்று ஃபான். செம்பு சூட்டை வாங்கும், தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு போகும், ரேடியேற்றரில் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகும். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, காரில் விடுவது போலக் கிளைக்கோல் கலந்தது. ஒழுகவே ஒழுகாது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள், ஆனால் ஒழுகுவது அருமை. ரியூப் வழியாக வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் குறையும் என்பதால் இதற்கும் ஒரு ஆயுள் உண்டு. தாங்களே ரியூப் வளைத்து, கலர்த் தண்ணீர் விட்டுப் பூட்டுகிற இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பிள்ளை கேட்டால் மட்டும் "உழைக்கத் தொடங்கினாப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிடுங்கள்.

விலை 90 யூரோ. பாதியை அவன் சேர்த்து வைத்திருந்தான். மீதிக்குத்தான் இந்த விளக்கம் எல்லாம்.

பெட்டி வந்த அன்று பின்னேரம் அதை அவன் கட்டிலில் பிரித்து வைத்தான். மற்றக் கட்டிலில் அப்பா இருந்தார். எங்கள் வீடு ஸீசா பகுதியில், இரண்டு படுக்கையறை மட்டும். அம்மா போனபிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து பேரனும் அவரும் ஒரே அறை. ஒரே அறை என்பதால் ஒரே கதை என்று நினைக்காதீர்கள். மூத்தவனுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் கதைக்க வந்தால் மூன்றாவது சொல்லில் இத்தாலியனுக்கு வழுக்கிவிடுவான். அப்பாவின் இத்தாலியன் அவர் 30 வருடம் வேலை செய்த வீடுகளின் இத்தாலியன்: வாளி, துடைப்பம், பலசரக்கு, "சீ சின்யோரா". 1987இல் இங்கே வந்தவர், 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்தபோது பத்திரம் எடுத்தவர், அதே வருடம் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டவர். எனக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் வேலை எனக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "உது ரேடியேற்றர் எல்லோ?"

"ஓம் அம்மப்பா, ராதியாத்தோரே," என்றான் அவன்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை.

இங்கே வருவதற்கு முன்னர் அப்பா சுன்னாகத்தில் வாடகைக் கார் ஓடினவர். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரைச் சொல்லத் தேவையில்லை. கலியாணம், செத்தவீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் இருக்கைக்குக் கீழே எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர் இருக்குமாம், குடிக்க இல்லை, ரேடியேற்றருக்கு. இந்தக் கதையை நான் ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன். மூத்தவன் அன்றுதான் முதல் தடவை கேட்டான். கேட்டது மட்டுமில்லை, கேள்வியும் கேட்டான்.

ரேடியேற்றரை எங்கே பூட்டுவது என்பதுதான் முதல் பிரச்சினை. அவன் வாங்கியது 240 அளவு, அதாவது 120 மில்லிமீற்றர் ஃபான் இரண்டு அருகருகே. பெயர் 240 என்றாலும் இரண்டு பக்கத் தொட்டியையும் சேர்த்தால் நீளம் 275 அளவுக்கு வரும். தடிப்பு 27, அதோடு ஃபான் 25, மொத்தம் 52 மில்லிமீற்றர். பெட்டியின் மேல்தட்டில் பூட்டினால் கீழே நிமிர்ந்து நிற்கும் ராம் கட்டைகளில் முட்டுமா என்று பார்க்கவேண்டும். என்னுடைய தையல் நாடாவால்தான் அளந்தோம். எட்டு மில்லிமீற்றர் மிச்சம் இருந்தது. வாங்குவதற்கு முன்னர் அளந்திருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். "அளந்தனான் அம்மா, வீடியோவில்," என்றான். வீடியோவில் எப்படி அளக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவனுக்கு முன்பக்கத்தில் பூட்டத்தான் விருப்பம். அங்கே பூட்டினால் ரேடியேற்றருக்கு வெளிக்காற்று நேராகக் கிடைக்கும், ப்ரொசெஸர் நன்றாகக் குளிரும். ஆனால் அதைத் தாண்டி வரும் சூட்டுக்காற்று பெட்டிக்குள்தான் போகும், கிராஃபிக் கார்ட் அதைக் குடிக்கவேண்டும். மேலே பூட்டி வெளியே ஊத விட்டால் மறுவளம்: கிராஃபிக் கார்டின் சூடு ஏறிவந்து ரேடியேற்றருக்குள்ளால் போகும், ப்ரொசெஸர் ஒரு சில பாகை கூடச் சுடும், ஆனால் சூடு முழுக்க மேலால் போய்விடும். எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி. அடியில் பூட்டுவது மட்டும் பிழை.

ஏன் பிழை என்பதை விளங்கப்படுத்தியது அப்பாதான். எவ்வளவு நிரப்பினாலும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ரேடியேற்றர் அடியில் இருந்தால் உயரமான இடம் பம்ப். காற்று அங்கே போய் நின்றால் பம்ப் கொறகொறவென்று சத்தம் போட்டு, தண்ணீரைத் தள்ள முடியாமல், கெதியாகச் செத்துப்போகும். ரேடியேற்றரின் மேல்விளிம்பு பம்பை விட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே பேசாமல் கிடக்கும், ஒருவருக்கும் கரைச்சல் இல்லை.

"காருக்கு தண்ணி மாத்தினா, முன்பக்கத்தை ஏத்தி விடவேணும்," என்றார் அப்பா. "ரேடியேற்றர் மூடிதான் எல்லாத்துக்கும் உயரமா இருக்கவேணும். எங்கட ஊரில மேடு எங்க? ஒரு மதகுக் கட்டில முன் சில்லு ரெண்டையும் ஏத்திப்போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மெல்ல மெல்ல விடுறது. புளுக் புளுக் எண்டு காத்து வெளிய வரும்."

"போல்லே தாரியா," என்றான் மூத்தவன். காற்றுக் குமிழி.

"ஓம், ஆரியா," என்றார் அப்பா.

ஆரியா, ஆக்வா, தூபோ, பொம்பா. எண்ணிப் பார்த்தால் ஒரு ரேடியேற்றரைப் பூட்டத் தேவையான இத்தாலியன் முழுக்க அப்பாவிடம் இருந்திருக்கிறது.

பெட்டி நிலத்தில், அவனுடைய மேசைக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவில் நிற்கும். அதன் பின்பக்கம் கட்டில் தலைமாட்டைப் பார்த்தபடி. மேலே பூட்டுவதா முன்னால் பூட்டுவதா என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, அப்பா எழும்பி வந்து பெட்டியின் பின்பக்க ஓட்டைகளுக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"இதாலதான் ராவில சூட்டுக்காத்து வாறது. இனி மேலாலயும் வருமோ?"

குறையாகச் சொல்லவில்லை. மழை வருமோ என்று கேட்பது போலக் கேட்டார். சூடு எந்தப் பக்கத்தால் போகும் என்று அறிய விரும்பினார், அவ்வளவுதான்.

மூத்தவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

இந்த வருடம் மே மாதத்திலிருந்தே அப்பா இரவில் கதிரையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். "அங்க காத்து நல்லா வருகுது பிள்ளை," என்பார். நானும் வயதுபோனவர்களுக்கு நித்திரை குறைவுதானே என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது 400, 450 வாற்ஸ் இழுக்கும். இழுக்கிற கரண்ட் கடைசியில் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் மாறும். சும்மா இருக்கும் ஒரு மனிதனின் உடம்பு 100 வாற்ஸ் அளவு சூடு விடும் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால், அந்தச் சின்ன அறையில், அப்பாவின் தலைமாட்டில், ஒவ்வொரு இரவும் நாங்கள் இன்னும் நாலு பேரை இருத்தி வைத்திருக்கிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லவேண்டும். தண்ணீரால் குளிர வைத்தால் சூடு குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறையாது. ப்ரொசெஸரிலிருந்து கெதியாக எடுத்து அறைக்குள் விடும், அவ்வளவுதான். முன்னர் சூடு கூடி வேகத்தைக் குறைத்துக்கொண்ட ப்ரொசெஸர், நன்றாகக் குளிர்ந்தால் முழு வேகத்தில் ஓடி இன்னும் கூடச் சூட்டை வெளியே தள்ளவும் கூடும்.

பலெர்மோவில் சூடு என்பது விளையாட்டு இல்லை. 2021 ஆகஸ்ட் 11ஆம் திகதி சிராக்கூசாவுக்குக் கிட்ட 48.8 பாகை பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிப்படுத்தியது. 2023 ஜூலை 24ஆம் திகதி எங்கள் நகரத்திலேயே, வானாய்வு நிலையத்தில், 47 பாகை. சிரோக்கோ என்று நாங்கள் சொல்லும் ஆபிரிக்கக் காற்று அன்று அடுப்பு வாய் மாதிரி வீசியது. நகரத்தைச் சுற்றி மலைகள் எரிந்தன, அடுத்த நாள் காலை விமான நிலையத்தைச் சில மணித்தியாலம் மூடினார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இரண்டு தடவை நின்றது. அன்று பின்னேரம் அப்பா குசினி வாசலில் சரிந்து விழுந்தார். பிரஷருக்கு அவர் எடுக்கும் குளிசை உடம்பில் தண்ணீரைக் குறைக்கிற வகை. காலையிலிருந்து வடிவாகத் தண்ணீரும் குடித்திருக்கவில்லை. நிலத்து மாபிளில் கிடத்தி, நனைச்ச துவாயைக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்து, முகம் தெளியும் வரைக்கும் நானும் மூத்தவனும் மட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தோம். அப்போது அவன் சின்னப் பெடியன். விசிறிக் கை உளைந்தும் நிறுத்தவில்லை.

அந்தப் பெடியன்தான் இப்போது அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியின் பின்பக்கத்தில் தன் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான். பெட்டி அணைந்துதான் இருந்தது. காற்று ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அம்மப்பா சொல்லேல்லை?" தமிழில்தான் கேட்டான்.

"நீ படிக்கிறாய் எண்டு நினைச்சன்," என்றார் அப்பா.

அன்றைக்கு ஒன்றும் பூட்டவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, மூன்று பேருமாக நடந்து ஸீசா மாளிகைக்குப் போனோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம். இத்தனை வருடம் இந்தப் பகுதியில் இருந்தும் நான் உள்ளே போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை. யோசனை என்னுடையது இல்லை, மூத்தவனுடையது. ஒரு குளிரூட்டும் மாளிகை என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள், அப்போது அவன் காது கொடுக்கவில்லை.

நோர்மன் அரசன் முதலாம் குயில்யெல்மோ 1165 அளவில் தொடங்கி, அவன் மகன் முடித்த கோடை மாளிகை அது. கட்டியவர்கள் அரபுக் கைவினைஞர்கள். ஸீசா என்ற பெயரே 'அல் அஸீஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் ஒன்று. அதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும், நீங்களே படிக்கலாம். எனக்குப் பிடித்தது அதன் வேலை. மாளிகை கடலைப் பார்த்து நிற்கிறது. முன்னால் ஒரு குளம். கடற்காற்று குளத்துக்கு மேலால் வந்து, பெரிய வளைவுகளுக்குள்ளால் கீழ் மண்டபத்துக்குள் நுழையும். மண்டபத்தின் பின்சுவரில் ஒரு நீரூற்று. மேலே மயிலும் வில்லாளிகளும் இருக்கும் மொசைக். ஊற்றிலிருந்து தண்ணீர், வரிவரியாகச் செதுக்கிய சாய்ந்த பளிங்கில் பரவி வழிந்து, நிலத்தில் வெட்டிய வாய்க்காலால் ஓடி, வெளியே குளத்துக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். ஏறுகிற சூட்டுக்காற்று மேலே போக வழிகளும் சுவருக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

அப்பா அந்த வாய்க்காலைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தோட்டத்து வாய்க்கால் மாதிரி," என்றார். தண்ணீர் ஏன் பளிங்கில் பரந்து ஓடவேண்டும் என்று மூத்தவன் கேட்டான். ஒரு குழாயால் விட்டால் போதாதா?

"மண்முட்டித் தண்ணி ஏன் குளிருது?" என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

மண்முட்டியை அவன் கண்டதில்லை. நான் மொழிபெயர்த்தேன். முட்டி கசியும், கசிந்தது காயும், காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பரந்து ஓடுகிற தண்ணீரும் அப்படித்தான் காய்ந்து காய்ந்து மண்டபத்தைக் குளிர வைக்கும். அவனுக்கு உடனே பிடிபட்டது. அவனுடைய ரேடியேற்றர் மூடி முத்திரை வைத்தது, அதில் ஒன்றும் காயாது; அதனால் அறைச் சூட்டுக்குக் கீழே அது ஒருநாளும் போகாது. அறை 34 பாகை என்றால் தண்ணீர் 45ஆவது இருக்கும். மண்முட்டியால் முடிகிறது 90 யூரோ சாமானால் முடியாது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவனுக்கு.

இந்த ஊர்ப் பணக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அரபுக் காலத்துப் பாணியில் நிலத்துக்கு அடியால் தண்ணீர் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால்கள், கனாத் என்பார்கள், பலெர்மோவுக்குக் கீழே இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து அறை வெட்டி, மேலே காற்று போக ஒரு துவாரம் விட்டு, சிரோக்கோ வீசும் நாட்களில் அதற்குள் போய் இருந்தார்களாம். சிரோக்கோ அறை என்றே அதற்குப் பெயர். சூட்டைத் துரத்த முடியாவிட்டால் நாங்கள் இடம் மாறவேண்டும். திரும்பி வரும் வழியில் மூத்தவன் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டு வாசலில், "அம்மா, என்ர மேசை குசினிப் பல்கனிக்குப் பக்கத்தில கொள்ளுமோ?" என்று கேட்டான்.

கொண்டது. பாத்திர அலுமாரியை ஒரு முழம் தள்ளவேண்டியிருந்தது.

அங்கே வைத்துத்தான் பூட்டினோம். ரேடியேற்றர் மேலே, வெளியே ஊதுகிற மாதிரி. பெட்டியின் பின்பக்கம் பல்கனிக் கதவைப் பார்த்தபடி. ஃபானின் எந்தப் பக்கத்தால் காற்று வரும் என்பதில்தான் கனபேர் பிழை விடுவார்கள். இதழ்கள் மறைப்பில்லாமல் தெரிகிற பக்கத்தால் காற்று உள்ளே போகும். நாலு கைகள் குறுக்கே பிடித்திருக்கிற பக்கத்தால் வெளியே வரும். எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. பூட்டி முடிந்த பிறகு அப்பா சாமித்தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து, முன்பக்கத்தில் பிடித்தார், புகை உள்ளே இழுபட்டது. மேலே பிடித்தார், புகை மேல்நோக்கிப் பறந்தது. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னர் ஒரு கண்டம் தப்பியது. திருகாணி இரண்டு அளவில் வரும். 30 மில்லிமீற்றர் நீளமானது, ஃபானின் தடிப்பைத் தாண்டி ரேடியேற்றரைப் பிடிப்பதற்கு. கட்டையானது, பெட்டித் தகட்டோடு ரேடியேற்றரைப் பிடிப்பதற்கு. நீளமானதைக் கட்டை போகவேண்டிய இடத்தில் முறுக்கினால், அது தகடுகளைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் வழிக்குள் போய்விடும். அதோடு 90 யூரோவும் போச்சு. மூத்தவன் கதைத்துக்கொண்டே நீளமானதை எடுத்து வைத்து இரண்டு சுற்றுச் சுற்றியும் விட்டான். அப்பா அவன் கையைப் பிடித்தார். "தம்பி, ஆணியை முதல் வெளியால வச்சு அளந்து பார். எவ்வளவு உள்ள போகும் எண்டு தெரியாமல் முறுக்காதை." இதற்கும் என் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் கெதியாக முடிந்தது. செம்புத் தட்டு உட்கார நாலு திருகாணி. ஒன்றை முழுக்க இறுக்காமல், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும், கார்ச் சில்லு இறுக்குவது போல. ப்ரொசெஸருக்கு மேலே ஒரு பட்டாணி அளவு பசை. பம்ப் வயர் மதர்போட்டில் பம்புக்கென்று இருக்கும் இடத்தில், ஃபான் வயர் சிபியு ஃபான் இடத்தில். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடலாம், ஃபான் சூட்டுக்கு ஏற்றமாதிரிக் கூடிக் குறையலாம்.

போட்டோம். ஃபான் சுற்றியது. பம்ப் மெல்லியதாக அதிர்ந்தது. வீடியோ வேலையைத் தொடங்கினான். அரை நிமிடத்தில் 95 பாகை.

அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. இரண்டு மாதச் சேமிப்பு. பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், கடைக்காரனுக்கு எழுதலாம் என்று நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டது ஒன்றுதான்: "ரியூப்பைத் தொட்டுப் பார்த்தனியோ?"

அவர் முதலில் பம்புக் கட்டியில் விரலை வைத்தார். அதிருது, ஓடுது. பிறகு இரண்டு ரியூப்பையும் பிடித்தார். இரண்டும் குளிர். ரேடியேற்றரைத் தொட்டார். அதுவும் குளிர்.

"தண்ணி ஓடுது. ஆனா தண்ணிக்குச் சூடு வரேல்லை. அப்ப பிழை தண்ணியில இல்லை, ரேடியேற்றரிலயும் இல்லை. சூடு ஏறுற இடத்தில ஏதோ மறிக்குது."

கரண்டை நிறுத்தி, கழற்றினோம். செம்புத் தட்டில், பசைக்கு அடியில், ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள். பூட்டுவதற்கு முன்னர் உரிக்கவேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இத்தாலியனில், ஆங்கிலத்தில், இன்னும் பத்து மொழியில்.

மூத்தவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டான். அப்பா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒஸ்ரினில உது இல்லை," என்றார்.

உரித்து, பழைய பசையைத் துடைத்து, புதுசு வைத்துப் பூட்டியபிறகு 72 பாகை. குசினி அப்போது 33. ரியூப் இரண்டும் கைக்கு இளஞ்சூடாக இருந்தன. அப்பா இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆண்டு விழா வீடியோ, பெரியப்பாவின் பேச்சு உட்பட, அன்றிரவே முடிந்தது.

ஒன்றிரண்டு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. ரேடியேற்றர் தகடு விரல் பட்டாலே வளையும், ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். இங்கே காற்றில் வரும் சிவப்புத் தூசி தகடுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். கோடையில் மாதம் ஒரு தடவை தூரிகையால் துடையுங்கள். இத்தாலியில் இருப்பவர்களுக்கு: வீட்டுக் கரண்ட் 3 கிலோவாற்ஸ் என்றால் அவணும் உடுப்புத் தோய்க்கிற மெசினும் இந்தப் பெட்டியும் ஒன்றாக ஓடாது, மீற்றர் விழுந்துவிடும். எங்களுக்கு விழுந்தது, வீடியோ 98 வீதம் முடிந்த நேரத்தில். அது இன்னொரு கதை, அன்றைக்கு நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது.

ஜூலை 14 இரவு சாந்தா ரொசாலியா திருவிழா. வழக்கமாக அப்பாவும் கடற்கரைப் பக்கம் வாணவேடிக்கை பார்க்க வருவார். இந்தமுறை வரவில்லை, நித்திரை வருகுது என்றார். திரும்பி வந்து கதவை மெல்லத் திறந்து பார்த்தேன். பல்கனிக் கதிரை காலி. தன் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பி, குறட்டை. மற்றக் கட்டிலில் மூத்தவன், மேல் சட்டையில்லாமல், அதே குறட்டை.

இப்போது பின்னேரங்களில் நான் சமைக்கும்போது முதுகுப் பக்கத்தால் 450 வாற்ஸ் ஊதுகிறது. காற்றுப் பல்கனிக்குத்தான் போகவேண்டும், ஆனால் சிரோக்கோ வீசும் நாளில் அது திரும்பி என்னிடமே வருகிறது. நேற்று அப்பாவிடம் முறையிட்டேன்.

"குசினி எண்டால் சூடாத்தானே பிள்ளை இருக்கும்," என்றார்.